புது காருக்கு சிந்தெட்டிக் ஆயில் எப்ப ஊத்தணும்? நம்ம கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டுறவங்களுக்கு

என் மச்சினன் புது பெட்ரோல் கார் எடுத்து மூணு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள அவன் காதுல மூணு பேர் மூணு விதமா சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் கம்பெனி ஆயிலை உடனே வடிச்சுட்டு ஃபுல்லி சிந்தெட்டிக் ஊத்துன்னு சொல்லியிருக்காரு. எங்க வீட்டு பழைய வண்டிங்களை எல்லாம் பார்த்த மெக்கானிக், 20,000 கிலோமீட்டர் வரைக்கும் சிந்தெட்டிக் பக்கமே போகாத தம்பி, ரிங் செட் ஆகாது, அப்புறம் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடும்னாரு. முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு போன இடத்துல, இப்பவே சிந்தெட்டிக் போட்டுக்கலாம் சார், தனி ரேட்டுன்னாங்க. அவன் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணி "மாமா, இப்ப நான் யார் பேச்சை கேக்குறது"ன்னான்.

யார் பேச்சையும் கேக்க வேணாம், டேஷ்போர்டு டிராயரை திறந்து மேனுவலை எடுன்னு சொன்னேன். கடைசி பக்கங்கள்ல ஒரு அட்டவணை இருக்கும், எஞ்சின் ஆயில்னு போட்டு பக்கத்துல கிரேடு எழுதியிருக்கும். அவன் படிச்சான், 0டபிள்யூ-16. நீ எதுக்கும் மாற வேணாம்டா, ஏற்கனவே சிந்தெட்டிக்லதான் ஓட்டிட்டு இருக்கன்னேன்.

நிறைய பேருக்கு தெரியாத விஷயம் இதுதான். பிஎஸ்6ங்கிற புகை விதி வந்த பிறகு, அதாவது 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த நிறைய பெட்ரோல் வண்டிங்களுக்கு கம்பெனி சொல்ற ஆயிலே 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 மாதிரி ரொம்ப லேசான ரகம். அவ்வளவு லேசான ஆயிலை சாதாரண மினரல் ஆயிலை (கச்சா எண்ணெயை சுத்திகரிச்சு எடுக்குறது) வெச்சு தயார் பண்றது நடைமுறையில ஆகாத காரியம், சூட்டுல ஆவியாகி போயிடும், அதனால டப்பா மேல என்ன எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிறது சிந்தெட்டிக், அதாவது ரசாயன முறையில தயாரிச்ச ரகம்தான். அப்ப எப்ப மாறணும்ங்கிற கேள்வியே உங்க வண்டிக்கு இருக்காது. மேனுவல்ல 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி போட்டிருந்தாத்தான் மினரல், செமி (ரெண்டும் கலந்தது), ஃபுல்லி சிந்தெட்டிக்னு உங்களுக்கு சாய்ஸ் வருது, மீதி நான் எழுதுறது முக்கியமா அவங்களுக்குத்தான்.

சரி, அந்த மெக்கானிக் சொன்னது முழு பொய்யா? இல்ல, அவர் மேல எனக்கு மரியாதை இருக்கு, அவர் கை வெச்ச காலத்து எஞ்சினுக்கு அது ஓரளவு நியாயம். புது எஞ்சின்ல சிலிண்டர் சுவத்துல குறுக்கும் நெடுக்குமா ரொம்ப மெல்லிசா கீறல் போட்டிருப்பாங்க, ஹோனிங்னு சொல்லுவாங்க, அந்த கீறல்ல ஆயில் தங்கும். பிஸ்டன் ரிங் மேலயும் கீழயும் ஓடும்போது அந்த கீறலோட மேல்முனை தேஞ்சு ரிங்கும் சுவரும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும், அதுதான் ரிங் செட் ஆகுறது. அந்த காலத்துல இதுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிடிச்சுது, வழுக்கல் ஜாஸ்தி இருந்தா தேயாதுன்னு பயந்தாங்க. இப்ப ஃபேக்டரியிலயே அந்த மேல்முனையை சீவி விட்டுடுறாங்க, வேலை முக்கால்வாசி அங்கேயே முடிஞ்சிடுது. அதுவும் இல்லாம ரிங்கை சுவத்தோட அழுத்துறது பெட்ரோல் எரியும்போது வர்ற கேஸ் பிரஷர், ஆயில் மினரலா சிந்தெட்டிக்கா இருந்தாலும் அந்த பிரஷர் ஒண்ணுதான். 1992-லயே செவர்லே கார்வெட் காரை ஃபேக்டரியில மொபில் 1 சிந்தெட்டிக் ஊத்தியே வெளிய அனுப்பினாங்க. ரிங் செட் ஆகாதுன்னா எந்த கம்பெனி வாரன்டி கொடுத்து அப்படி அனுப்பும்?

அதேமாதிரி சிந்தெட்டிக் ஊத்தினா ஆயில் சீல் கசியும்னு ஒரு பேச்சு. 1970-கள்ல வந்த ஆரம்பகால சிந்தெட்டிக்ல ரப்பர் சீல் சுருங்கின பிரச்சனை இருந்துச்சு, அதை எப்பவோ சரி பண்ணிட்டாங்க. புது வண்டிக்கு அந்த கவலை சுத்தமா வேணாம்.

இப்ப நேரடியா பதிலுக்கு வரேன். உங்க வண்டி மினரல் இல்லன்னா செமி ஆயிலோட வந்திருக்கு, மேனுவல்ல சொன்ன கிரேடுலயே ஃபுல்லி சிந்தெட்டிக் கிடைக்குது, நீங்க மாற ஆசைப்படுறீங்கன்னா, மேனுவல் சொல்ற முதல் ஆயில் மாத்துற தடவையில மாறுங்க. நிறைய கம்பெனியில அது 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. 1000 கிலோமீட்டர்ல வர்ற முதல் ஃப்ரீ சர்வீஸ் பெரும்பாலும் செக்கிங் மட்டும்தான், ஆயில் மாத்துற சர்வீஸ் இல்ல, அங்க போய் காசு கொடுத்து மாத்துறது அவசியமே இல்லாத செலவு. சில கம்பெனிங்க முதல் ஆயிலை சீக்கிரமா வடிக்காதீங்கன்னே சொல்றாங்க, ஏன்னா எஞ்சின் கோக்கும்போது தடவுற பொருள்ல இருக்கிற சில சரக்கு அந்த முதல் ஆயில்லதான் கலந்து இருக்கும், அது தேயுற நேரத்துல பாதுகாப்பு. சிலருக்கு மனசு கேக்காது, புது எஞ்சின்ல இரும்புத்தூள் ஓடிட்டு இருக்குமேன்னு 3000, 5000-ல ஒரு தடவை மாத்துவாங்க, மேனுவல் வேணாம்னு சொல்லாத வண்டியில அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா கட்டாயமும் இல்ல. நான் மச்சினனுக்கு வேணாம்னுதான் சொன்னேன்.

எந்த ஆயில்னு யோசிக்கிற நேரத்துல பாதியை முதல் 1000 கிலோமீட்டர் எப்படி ஓட்டுறதுன்னு யோசிங்க, ரிங் செட் ஆகுறது அதுலதான் இருக்கு. புது வண்டி எடுத்ததும் நம்ம ஊர்ல எல்லாரும் செய்யுறது, என்எச் 44-ல ஏறி நேரா பெங்களூரு, 90 கிலோமீட்டரும் ஒரே கியர் ஒரே ஸ்பீடு. அது தப்பு. எஞ்சின் ஒரே ஆர்பிஎம்ல (எஞ்சின் சுத்துற வேகம்) மணிக்கணக்கா ஓடக்கூடாது, ஏறி இறங்கணும். முதல் சில வாரம் காவேரிப்பட்டணம், பாலக்கோடுன்னு உள்ரோட்டுல போய் வாங்க, கியர் மாறிட்டே இருக்கும், ஸ்பீடு கூடும் குறையும். பைபாஸ்லதான் போகணும்னா ஸ்பீடை அப்பப்ப 60, 80ன்னு மாத்தி ஓட்டுங்க. சூளகிரிக்கு முன்னாடி மேலுமலை ஏத்தம் வரும்ல, அங்க அஞ்சாவது கியர்லயே ஆக்ஸிலேட்டரை மிதிச்சு முக்க முக்க ஏத்தாதீங்க, நாலு, தேவைப்பட்டா மூணு போட்டு லேசா ஏறட்டும். சேலத்துல இருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துலயும் அதே. அஞ்சு பேர் உக்காந்து டிக்கி நிறைய மாம்பழக் கூடை வெச்சுட்டு புது எஞ்சினை அந்த ஏத்தத்துல முக்க வைக்கிறதை விட பெரிய கொடுமை வேற இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் அரை நிமிஷம் விட்டு கிளம்புங்க, முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் மெதுவா போங்க, அஞ்சு நிமிஷம் நிறுத்தி வெச்சு ரேஸ் பண்றது எல்லாம் வேணாம்.

அடுத்தது கிரேடு. இதுல நானே அடிபட்டிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். என் பழைய வண்டிக்கு மேனுவல்ல 5டபிள்யூ-30. ஒரு தடவை வெளி ஒர்க்‌ஷாப்ல, நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் தாங்கும் சார்னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்திட்டாங்க, நானும் நம்பி விட்டுட்டேன். மே மாசம் ஒண்ணும் தெரியல. மார்கழியில ஓசூர்ல தங்கிட்டு விடிகாலை அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்தா டகடகன்னு டேப்பெட் சத்தம், பத்து பதினஞ்சு செகண்ட் கழிச்சுதான் அடங்குது. ஓசூர், தளி பக்கம் குளிர் எப்படின்னு இங்க இருக்கிறவங்களுக்கு தெரியும். கெட்டி ஆயில் பம்புல ஏறி மேல கேம் வரைக்கும் போக அவ்வளவு நேரம் எடுக்குது, அந்த நேரம் முழுக்க இரும்பும் இரும்பும் காஞ்சு உரசுது. மைலேஜும் கண்ணுக்கு தெரியுற அளவு இறங்கிச்சு. திரும்ப 5டபிள்யூ-30 ஊத்தினதும் அந்த சத்தம் போச்சு.

டப்பா மேல போடுற நம்பர் ரொம்ப சிம்பிள்தான். டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற நம்பர் குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஓடும்னு சொல்லுது, சின்ன நம்பர்னா சீக்கிரம் ஓடும். பின்னாடி இருக்கிற 16, 20, 30 எல்லாம் 100 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும்ங்கிற கணக்கு. வெளிய வெயில் 40 டிகிரின்னாலும் எஞ்சினுக்குள்ள ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து சூட்டை ஒரே அளவுலதான் பிடிச்சு வைக்குது, அதனால நம்ம ஊர் வெயிலுக்குன்னு தனியா கெட்டி ஆயில் தேவைப்படாது. பேரிங் இடைவெளி, ஆயில் பம்பு எல்லாம் அந்த ஒரு கிரேடை வெச்சுதான் அளந்து செஞ்சிருக்காங்க. சிந்தெட்டிக்கா மினரலாங்கிறதை விட கிரேடு சரியா இருக்கிறதுதான் எனக்கு பெருசு. தப்பான கிரேடுல விலை ஒசந்த சிந்தெட்டிக் ஊத்துறதுக்கு, சரியான கிரேடுல மினரல் ஊத்தி டைம்ல மாத்துறது எவ்வளவோ மேல்.

கிரேடுக்கு அடுத்து தரக்குறி. பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐங்கிற அமெரிக்க பெட்ரோலிய அமைப்போட எஸ்பி, எஸ்என்னு ரெண்டெழுத்து இருக்கும், ரெண்டாவது எழுத்து ஏற ஏற புதுசு. எஸ்பி 2020-ல வந்தது, எஸ்க்யூ 2025-ல. இது வெறும் பேர் மாத்தம் இல்ல. இப்ப வர்ற சின்ன டர்போ (காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற விசிறி) பெட்ரோல் எஞ்சின்ல, அதுவும் பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற டைரக்ட் இஞ்செக்‌ஷன்ல, கம்மி ஆர்பிஎம்ல ஏத்தத்துல அழுத்தும்போது ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே தானா பத்திக்கிற ஒரு கோளாறு இருக்கு, பிஸ்டனையே உடைச்சிடும். ஆயில்ல இருக்கிற கால்சியம் அளவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சு எஸ்பி ரகத்துல அதுக்கான டெஸ்ட்டையே சேர்த்தாங்க, டைமிங் செயின் தேய்மானத்துக்கும் தனி டெஸ்ட் இருக்கு. டர்போ பெட்ரோல் வெச்சிருக்கிறவங்க பழைய ஸ்டாக் எஸ்எல், எஸ்எம் டப்பாவை ஆஃபர்ல கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க. டர்போ வண்டிக்கு ஃபுல்லி சிந்தெட்டிக் தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன், டர்போவோட பேரிங் சூட்டுல மினரல் ஆயில் கருகி படிஞ்சிடும். மேலுமலையோ தொப்பூரோ ஏறி வந்து உடனே டீ கடையில நிறுத்துறீங்கன்னா ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.

பிஎஸ்6 டீசல் வேற கதை. சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கு, ஆயில் எரிஞ்சா வர்ற சாம்பல் அதுல போய் அடைக்கும், அந்த சாம்பல் திரும்ப எரிஞ்சு போகாது. அதனால சாம்பல் கம்மியான ரகம்தான் ஊத்தணும், மேனுவல்ல ஏசிஈஏங்கிற ஐரோப்பிய கார் கம்பெனிங்க சங்கத்தோட குறி சி2, சி3ன்னு ஏதாவது குறிப்பிட்டிருக்கும், அதை அப்படியே கடையில காட்டி வாங்குங்க. லாரிக்கு வாங்குற டீசல் ஆயில் பேரல்ல மிச்சம் இருக்குன்னு அதுல இருந்து காருக்கு ஊத்துறவங்களை நான் பார்த்திருக்கேன், தயவு செஞ்சு பண்ணாதீங்க, அந்த வடிகட்டி மாத்த ஆகுற செலவு சின்னது இல்ல. இன்னொண்ணு, டவுனுக்குள்ளயே ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்துற டீசல் வண்டியில, வடிகட்டியை சுத்தம் பண்ண எஞ்சின் கூடுதலா அடிக்கிற டீசல் கொஞ்சம் ஆயில்ல இறங்கி, டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்குற கம்பி) லெவல் ஏறிட்டே வரும். ஆயில் ஏறுதேன்னு சந்தோஷப்படக்கூடாது, உடனே சர்வீஸ்ல காட்டணும். வாரத்துல ஒரு நாள் ஓசூர் வரைக்கும் ஒரே ஓட்டமா போய் வந்தா இந்த பிரச்சனை பெரும்பாலும் வராது.

சிந்தெட்டிக் ஊத்தினா 20,000 வரைக்கும் மாத்தாம ஓட்டலாமான்னு கேப்பாங்க. ஆயில் தாங்கலாம், ஆனா வாரன்டி இருக்கிற வரைக்கும் மேனுவல் சொன்ன கிலோமீட்டரை தாண்டாதீங்க, அதை தாண்டி எஞ்சின்ல ஏதாவது ஆனா கம்பெனி கையை விரிச்சிடும். கிலோமீட்டர் கம்மியா ஓட்டுறவங்க ஒரு வருஷக் கணக்கை மறந்துடுறாங்க. பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில்னு கிருஷ்ணகிரி டவுனுக்குள்ளயே வருஷத்துக்கு 3000 ஓட்டுற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும், எஞ்சின் முழுசா சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுறோம், உள்ள சேர்ற தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகி போகாம ஆயில்லயே தங்கிடும். நெடுஞ்சாலையில 10,000 ஓடின வண்டி ஆயிலை விட அது மோசமா இருக்கும். குவாரி ரோடு, மண் ரோடுன்னு புழுதியிலயே ஓடுற வண்டிக்கும் சீக்கிரம் மாத்தச் சொல்லி மேனுவல்லயே தனியா போட்டிருப்பாங்க, ஏர் ஃபில்டரையும் அப்பப்ப பாருங்க.

மாத்துற அன்னிக்கு பக்கத்துல நின்னு பாருங்க. எஞ்சின் வெதுவெதுப்பா இருக்கும்போது வடிச்சாத்தான் அழுக்கோட சேர்ந்து முழுசா இறங்கும். ஃபில்டர் கட்டாயம் புதுசு, ட்ரெய்ன் போல்ட் வாஷரும் புதுசு, பத்து இருபது ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் சொட்டு சொட்டா ஒழுக விடாதீங்க. எஞ்சின் ஃப்ளஷ் போடணும்னு ஒரு பாட்டிலை நீட்டுவாங்க, புது எஞ்சினுக்கு அது வேணவே வேணாம். மினரல்ல இருந்து சிந்தெட்டிக்குக்கு நேரா மாறலாம், உள்ள தங்குற கொஞ்சம் பழைய ஆயில் கலந்தா ஒண்ணும் ஆகாது, ரெண்டும் கலக்குற மாதிரிதான் தயார் பண்றாங்க, திரும்ப மினரலுக்கு வரணும்னாலும் வரலாம். சின்ன பெட்ரோல் காருக்கு 3 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், சரியான அளவு மேனுவல்ல இருக்கு, மிச்ச ஆயில் எதுக்கு வீணாகணும்னு நாலு லிட்டரையும் கவுத்துடக்கூடாது, டிப்ஸ்டிக்ல மேக்ஸ் கோட்டை தாண்டினா உள்ள சுத்துற கிராங்க் தண்டு அடிச்சு ஆயில் நுரையாயிடும். மிச்சத்தை மூடி டிக்கியில வெச்சுக்கோங்க, டாப் அப்புக்கு ஆகும்.

டப்பா வாங்கும்போது சீல் பாருங்க, தயாரிச்ச தேதி பாருங்க, சுரண்டி பார்க்குற கோடோ கியூஆர் கோடோ இருந்தா அங்கேயே செக் பண்ணுங்க, பில் இல்லாம வாங்காதீங்க. பில்லுல கிரேடும் தரக்குறியும் எழுதச் சொல்லுங்க, நாளைக்கு வாரன்டி பேச்சு வந்தா அந்த காகிதம்தான் பேசும். காலி டப்பாவை முழுசா காயலான் கடைக்கு போடாதீங்க, கத்தியால ஒரு கிழி கிழிச்சுட்டு போடுங்க, இல்லன்னா அதே டப்பாவுல போலி ஆயில் ரொம்பி திரும்ப யாராவது நம்ம ஊர்க்காரன் தலையிலயே வந்து விழும். டப்பாவுல "சிந்தெட்டிக் டெக்னாலஜி"ன்னு மட்டும் போட்டிருந்தா அது பெரும்பாலும் கலப்பு ரகம், "ஃபுல்லி சிந்தெட்டிக்"னு இருக்கணும். வடிச்ச பழைய ஆயில் ஒர்க்‌ஷாப்ல பேரல்ல சேருதான்னு பாருங்க. நீங்களே வீட்டுல வடிச்சா கேன்ல பிடிச்சு கொண்டுபோய் கொடுங்க, வேலி ஓரத்துலயோ சாக்கடையிலயோ ஊத்தினா மழைக்கு அது ஏரிக்குத்தான் போகும், நம்ம மாந்தோப்புக்கு பாயுற தண்ணி அது.

புது எஞ்சின் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்ல ஆயில் லேசா குடிக்கும், அதைப் பார்த்து பயப்பட வேணாம். 1000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சமதளத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கை எடுத்து துடைச்சு திரும்ப விட்டு பாருங்க. மச்சினனுக்கு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே சொல்லிக் கொடுத்தேன், ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நின்னுச்சு. 10,000 இல்லன்னா அடுத்த வருஷம் இதே மாசம், 0டபிள்யூ-16ன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பானெட்டுக்கு அடியில ஒட்டிட்டு, அக்காவை ஏத்திக்கிட்டு கேஆர்பி டேம் வரைக்கும் போயிட்டு வந்தான்.